ஃபாஞ்சியோவையும் வெர்ஸ்டாப்பனையும் ஒரே தராசில் வைத்தால்

1956 செப்டம்பர் 2, இத்தாலியின் மோன்சா. அந்த ஆண்டின் ஃபார்முலா 1 உலக சாம்பியன் போட்டியில் அதுதான் கடைசிப் பந்தயம். ஃபெராரி அணியின் யுவான் மானுவல் ஃபாஞ்சியோவின் கார் ஸ்டீயரிங் கோளாறால் பாதியில் நின்றுபோனது. சக வீரர் லூயிஜி முஸ்ஸோ பிட்டுக்கு (டயர் மாற்றவும் பழுதுபார்க்கவும் கார்கள் நிற்கும் இடம்) வந்தபோது, இறங்கி காரைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் பீட்டர் காலின்ஸ் வந்தார். இங்கிலாந்துக்காரர், வயது 24. அந்தப் பந்தயத்தில் வென்று, அதிவேகச் சுற்றையும் தன் பெயருக்கு எடுத்திருந்தால் அவரே உலக சாம்பியன். அந்த வாய்ப்பு இன்னும் கையில் இருந்தபோதே காலின்ஸ் காரிலிருந்து இறங்கி ஃபாஞ்சியோவுக்கு இடம் கொடுத்தார். அந்தக் காரில் ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்தார். நான்காவது முறையாக உலக சாம்பியனும் ஆனார்.

இது ஏமாற்று வேலை அல்ல. ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம், கிடைக்கும் புள்ளியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபாஞ்சியோவுக்கு அன்று பங்காகக் கிடைத்த மூன்று புள்ளி அவருடைய இறுதிக் கணக்கில் சேரவே இல்லை. ஒவ்வொருவருக்கும் சிறந்த ஐந்து முடிவுகளை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்; அவரிடம் அதைவிட நல்ல ஐந்து முடிவுகள் ஏற்கெனவே இருந்தன. காலின்ஸ் உண்மையில் கொடுத்தது புள்ளியை அல்ல, தன்னுடைய போட்டியை.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அன்றைய ஃபாஞ்சியோ 24 வெற்றி, இன்றைய லூயிஸ் ஹாமில்டன் 105 வெற்றி" என்று யாராவது ஆரம்பிக்கும்போது, அந்த 24-இல் இரண்டு வெற்றிகள் இன்னொருவரோடு கார் பகிர்ந்து வந்தவை என்பது எனக்கு உடனே நினைவுக்கு வரும். 1951 பிரெஞ்சுப் பந்தயம் ஃபாஜியோலியுடன், 1956 அர்ஜென்டினா பந்தயம் அதே முஸ்ஸோவுடன். அப்படியானால் அவருக்கு 24 வெற்றியா, 23 வெற்றியா? "வெற்றி" என்ற சொல்லுக்கே அன்று வேறு பொருள். காலம் கடந்து ஓட்டுநர்களை ஒப்பிடுவதில் இருக்கிற அடிப்படைச் சிக்கல் அதுதான். அளக்கப்படும் ஆட்களும் மாறினார்கள், அளவுகோலும் மாறிக்கொண்டே வந்தது.

எண்கள் எங்கே வழுக்குகின்றன

புள்ளிக் கணக்கில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 1950-இல் வென்றவருக்கு 8 புள்ளி, முதல் ஐந்து பேருக்கு மட்டும் புள்ளி. 1961 முதல் வெற்றிக்கு 9, 1991 முதல் 10, 2010 முதல் 25. இந்தக் காலத்து சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2023 என்ற ஒரே ஆண்டில் 575 புள்ளி எடுத்தார். ஃபாஞ்சியோ மொத்த வாழ்நாளிலும் எடுத்தது 277 சொச்சம். அந்தச் சொச்சத்துக்கும் கதை உண்டு. 1954-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் நேரத்தை முழு வினாடி வரைதான் அளந்தார்கள். ஏழு பேர் ஒரே வினாடியில் அதிவேகச் சுற்றை முடித்ததாகப் பதிவானது. அதற்கான ஒரு புள்ளியை ஏழாகப் பங்குபோட்டு ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு கொடுத்தார்கள்!

பந்தயங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். 1950-இல் 7 பந்தயங்கள், 2024-இல் 24. முதல் பதினோரு ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500-உம் சாம்பியன் போட்டிக் கணக்கில் இருந்தது, ஆனால் ஐரோப்பாவில் ஓட்டியவர்கள் அங்கே போனது அபூர்வம். அல்பெர்டோ அஸ்காரி 1952, 1953-இல் தொடர்ந்து ஒன்பது வெற்றி பெற்றாரா, ஏழு வெற்றியா என்ற தகராறு இதனால்தான். நடுவில் அவர் கலந்துகொள்ளாத ஓர் இண்டியானாபோலிஸ் பந்தயம் வந்துவிட்டது. 2023-இல் வெர்ஸ்டாப்பன் தொடர்ந்து பத்து வென்று அந்தச் சண்டையை முடித்துவைத்தார். அதோடு, அஸ்காரி சாம்பியனான அந்த இரண்டு ஆண்டும் பந்தயங்கள் ஒரு படி கீழான ஃபார்முலா 2 விதிப்படி நடந்தவை. ஆல்ஃபா ரோமியோ விலகியதும் ஃபார்முலா 1 விதிக்குப் பொருந்தும் நல்ல கார்கள் போதவில்லை.

சரி, விகிதம் பார்க்கலாமே என்பார்கள். பார்ப்போம். ஃபாஞ்சியோ 51 பந்தயங்களில் 24 வெற்றி, 47 விழுக்காடு. அஸ்காரி 32-இல் 13, சுமார் 41. ஜிம் கிளார்க் 72-இல் 25, சுமார் 35. 2024 முடிவு வரை வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் ஏறக்குறைய 30. மைக்கேல் ஷூமாக்கர் 306-இல் 91, அதுவும் 30-ஐ ஒட்டித்தான். 1980-களில் மோதிக்கொண்ட ப்ராஸ்ட், சென்னா இருவரும் 26-ஐ ஒட்டி வருகிறார்கள்.

இது நியாயமான அளவு போலத் தெரியும். ஆனால் ஷூமாக்கரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 2006-இல் ஓய்வு பெற்றவர், 2010-இல் மெர்சிடிஸ் அணிக்காகத் திரும்பி வந்து மூன்று ஆண்டுகளில் 58 பந்தயம் ஓட்டினார். ஒரு வெற்றிகூட இல்லை. அந்த மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டால் அவருடைய விகிதம் 37 ஆகிவிடும், கிளார்க்கைத் தாண்டிவிடும். நாற்பது வயதுக்குமேல் ஆசை விடாமல் திரும்பி வந்ததால் ஒருவர் மோசமான ஓட்டுநர் ஆகிவிடுவாரா? ஃபெர்னாண்டோ அலான்சோ இதைவிடப் பாவம். 32 வெற்றிகளில் கடைசியானது 2013 ஸ்பெயின் பந்தயம். அதற்கப்புறம் 2024 முடிவதற்குள் சுமார் 200 பந்தயம் ஓட்டிவிட்டார். ஒவ்வொரு பந்தயமும் அவர் விகிதத்தைக் கரைத்துக்கொண்டே போகிறது.

மறுபக்கம், கிளார்க்கின் விகிதம் அப்படியே உறைந்து நிற்பதற்குக் காரணம் 1968 ஏப்ரல் 7. ஹாக்கன்ஹைமில் ஒரு ஃபார்முலா 2 பந்தயத்தில் அவர் இறந்தபோது வயது 32. சரிவைச் சந்திக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. விகிதப் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களில் பலர் அங்கே இருப்பது ஒரு விதத்தில் இதனால்தான் என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பட்டியல் கசக்கிறது.

முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறியவர்கள் என்று எண்ணினாலும் இதே கதை. 2005 அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறே ஆறு கார்கள் ஓடின. மூன்றாவதாக வந்து மேடை ஏறினார் தியாகோ மோன்டெய்ரோ. நிகோ ஹுல்கன்பெர்க் தன் முதல் மேடைக்கு 239 பந்தயம் காத்திருந்தார், 2025 சில்வர்ஸ்டோன் வரைக்கும். இவர்களில் யார் சிறந்த ஓட்டுநர் என்று பந்தயம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

1988 என்ற ஆண்டு

விதி எப்படி ஒருவரின் வரலாற்றையே மாற்றும் என்பதற்கு 1988-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மெக்லாரன் அணியில் அலென் ப்ராஸ்டும் ஐர்ட்டன் சென்னாவும். 16 பந்தயங்களில் 15-ஐ அந்த அணியே வென்றது. ஆக, காரைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. இருவருக்கும் ஒரே கார். ஆண்டு முடிவில் ப்ராஸ்ட் எடுத்தது மொத்தம் 105 புள்ளி, சென்னா 94. சாம்பியன் சென்னா.

காரணம், சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணும் விதி. அப்படி எண்ணும்போது சென்னா 90, ப்ராஸ்ட் 87. வெற்றிகளில் சென்னா 8, ப்ராஸ்ட் 7. வெற்றியைக் குறிவைத்து ஓட்டுபவருக்குச் சாதகமான விதி அது. வெல்ல முடியாத அன்று இரண்டாவதாக வந்தே தீர வேண்டும் என்று ஓட்டுபவருக்கு அது பாதகம். இன்றைய விதிப்படி எல்லாப் பந்தயமும் கணக்கில் சேர்ந்திருந்தால் ப்ராஸ்ட் ஐந்து முறை சாம்பியன், சென்னா இரண்டு முறை. அப்போது "எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார்" என்ற பேச்சே வேறு திசையில் போயிருக்கும்.

இதில் ஒரு ரசிகர் தவறு செய்யக்கூடிய இடம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். பழைய முடிவுகளை எடுத்து இன்றைய புள்ளிமுறையில் போட்டுப் பார்த்து "இவர்தான் உண்மையான சாம்பியன்" என்று சொல்வது. அது செல்லாது. ப்ராஸ்டும் சென்னாவும் அந்த விதியைத் தெரிந்துகொண்டுதான் ஓட்டினார்கள். விதி வேறாக இருந்திருந்தால் ஓட்டிய விதமும் வேறாகியிருக்கும்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு இதே ப்ராஸ்ட், நிகி லாடாவிடம் அரைப் புள்ளியில் தோற்றார். 72-க்கு 71.5. ப்ராஸ்ட் ஏழு வெற்றி, லாடா ஐந்து. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? மொனாக்கோவில் மழையால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டு, அரைப் புள்ளிகள் வழங்கப்பட்டன. அன்று முதலிடத்தில் இருந்தவர் ப்ராஸ்ட். பின்னாலிருந்து அவரை வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தவர், முதல் ஆண்டில் இருந்த சென்னா.

கார் ஓட்டுகிறதா, ஆள் ஓட்டுகிறாரா

இந்த விளையாட்டில் எல்லா வாக்குவாதமும் கடைசியில் வந்து முட்டுகிற சுவர் இது. ஓட்டப்பந்தயத்தில் காலணியின் பங்கு கொஞ்சம்தான். இங்கே கார்தான் முக்கால்வாசி. 2020 டிசம்பரில் பஹ்ரைனில் நடந்த சாகிர் பந்தயத்தில் இதை யாரோ திட்டமிட்டுச் செய்த சோதனை போலப் பார்க்க முடிந்தது. ஹாமில்டனுக்குக் கொரோனா. அவருடைய மெர்சிடிஸ் காரில் வில்லியம்ஸ் அணியின் ஜார்ஜ் ரஸ்ஸலை உட்காரவைத்தார்கள். அதுவரை 36 பந்தயங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர். பந்தயம் தொடங்கும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில், மெர்சிடிஸின் இன்னொரு ஓட்டுநரான வால்டேரி போட்டாஸைவிட வெறும் 0.026 வினாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார். பந்தயத்தின் பெரும்பகுதியில் அவரே முன்னால். பிட்டில் டயர் மாற்றும்போது நடந்த குளறுபடியும் பிற்பாடு ஒரு பஞ்சரும் சேர்ந்து அவரை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளின. முந்தைய வாரம் வரிசையின் பின்பாதியில் இருந்த அதே ஆள், அதே கை, அதே கால்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையிலான முடிவுகளை வைத்து ஒரு புள்ளியியல் மாதிரி செய்தார்கள். முடிவுகளில் தெரியும் வேறுபாட்டில் மிகப் பெரும்பகுதி அணியால் வருவது, ஓட்டுநரால் வருவது சிறிய பகுதிதான் என்பது அவர்கள் கண்டது. அணியின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சியதில் முதலிடம் ஃபாஞ்சியோவுக்கு. அதே பட்டியலில் கிறிஸ்டியன் ஃபிட்டிபால்டி என்ற பெயர் வியக்கத்தக்க உயரத்தில் வந்தது. இவர் ஒரு பந்தயத்திலும் மேடை ஏறாதவர். சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டியின் அண்ணன் மகன்.

2020-இல் ஃபார்முலா 1 நிறுவனமே அமேசானின் கணினிச் சேவையோடு சேர்ந்து, 1983 முதல் தகுதிச் சுற்று வேகத்தை மட்டும் வைத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சென்னா, ஷூமாக்கர், ஹாமில்டன், வெர்ஸ்டாப்பன், அலான்சோ என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசையில் எட்டாவதாக ஹெய்க்கி கோவலைனன் வந்து நின்றார். அவர் வாழ்நாளில் வென்றது ஒரே ஒரு பந்தயம். ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் கணினி பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. ஒரே ஒரு சுற்றில், சக வீரர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. அதில் கோவலைனன் நன்றாகத்தான் இருந்தார். அறுபது சுற்று ஓட்டி முடிப்பது வேறு கேள்வி.

இந்த மாதிரிகள் எல்லாமே ஒரே சங்கிலியில் தொங்குகின்றன. ஒரே அணியின் இரண்டு கார்கள் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சக வீரரோடு ஒப்பிட்டால் ஆளின் திறமை தெரியும். அ என்பவர் ஆ-வைவிட வேகம், ஆ என்பவர் இ-யைவிட வேகம், ஆக அ இ-யைவிட வேகம். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஃபாஞ்சியோவிலிருந்து ஹாமில்டன் வரை நடந்தே வரலாம், நான் ஒரு மழை நாளில் உட்கார்ந்து கோத்துப் பார்த்தேன். ஃபாஞ்சியோவும் ஸ்டர்லிங் மாஸும் 1955-இல் மெர்சிடிஸில். மாஸும் டோனி புரூக்ஸும் வான்வாலில். புரூக்ஸும் கிரஹாம் ஹில்லும் பிஆர்எம்மில். ஹில்லும் யோக்கன் ரிண்ட்டும், ரிண்ட்டும் எமர்சன் ஃபிட்டிபால்டியும், அவரும் ரோனி பீட்டர்சனும், பீட்டர்சனும் மரியோ ஆண்ட்ரெட்டியும், ஆண்ட்ரெட்டியும் கார்லோஸ் ராய்ட்டமனும், இத்தனை பேரும் லோட்டஸில். ராய்ட்டமனும் லாடாவும் ஃபெராரியில். லாடா, ப்ராஸ்ட், சென்னா, ஹாக்கினன், கூல்ட்ஹார்ட், ரைக்கோனன் என்று வரிசையாக மெக்லாரனில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு. ரைக்கோனனும் அலான்சோவும் 2014 ஃபெராரியில். அலான்சோவும் ஹாமில்டனும் 2007 மெக்லாரனில். பதினாறே கண்ணி.

கோத்து முடித்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தால் பல அறுந்துவிடுகின்றன. சென்னாவும் ஹாக்கினனும் சேர்ந்து ஓட்டியது 1993-இல் மூன்றே பந்தயம், அதில் முதலாவதான போர்ச்சுகலில் தகுதிச் சுற்றில் ஹாக்கினன்தான் முன்னால். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? ஃபாஞ்சியோவோடு ஓட்டியபோது மாஸுக்கு 25 வயது, ஃபாஞ்சியோவுக்கு 44. லாடா ப்ராஸ்டோடு ஓட்டியது ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் 1976 விபத்தின் தீயில் வெந்து, நடுவில் இரண்டு ஆண்டு ஓய்வும் எடுத்துத் திரும்பிய பிறகு. 2007-இல் அலான்சோவும் ஹாமில்டனும் சொல்லிவைத்தாற்போல் ஆளுக்கு 109 புள்ளி எடுத்து, 110 எடுத்த ரைக்கோனனிடம் பட்டத்தை விட்டார்கள். அதில் ஹாமில்டனுக்கு அதுதான் முதல் ஆண்டு; அலான்சோவுக்கு அணி புதிது, டயர் புதிது. ஒவ்வொரு கண்ணியிலும் வயது, காயம், அணிக்குள் இருக்கும் முதல் இரண்டாம் தகுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. 1955-இல் ஆயின்ட்ரீயில் மாஸ் ஃபாஞ்சியோவை முந்தி வென்றார். பெரியவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரா என்பது கடைசிவரை மாஸுக்கே தெரியாது.

நல்ல கார் கிடைப்பது அதிர்ஷ்டமா என்பதும் நேரான கேள்வி இல்லை. ஃபாஞ்சியோ ஐந்து பட்டத்தை ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மசராட்டி என நான்கு அணிகளின் கார்களில் வென்றார். எந்த ஆண்டு எங்கே இருக்க வேண்டும் என்று கணிப்பதும் அவருடைய கலைதான். ஷூமாக்கர் நேர்மாறு. 1979-க்குப் பிறகு ஓட்டுநர் பட்டமே காணாத ஃபெராரிக்கு 1996-இல் போய், அணியைக் கட்டி எழுப்ப நான்கு ஆண்டு பொறுத்தார், பிறகு 2000 முதல் 2004 வரை ஐந்தையும் அள்ளினார். கிளார்க்கோ உலக சாம்பியன் பந்தயம் 72-ஐயும் லோட்டஸிலேயே ஓட்டினார். வேகமான கார், ஆனால் நம்ப முடியாத கார். 1962-இலும் 1964-இலும் கடைசிப் பந்தயத்தில் எண்ணெய் கசிந்து பட்டம் போனது. அந்தக் காலத்தில் பாதிக் கார்கள் பந்தயத்தை முடிக்காமல் நிற்பது சாதாரணம். இன்று பெரும்பாலானவை முடித்துவிடுகின்றன. கிளார்க்கின் 25 வெற்றியை அந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

வேறு வேறு வேலைகள்

இதுவரை சொன்னதெல்லாம் எண்களைத் திருத்துவது பற்றி. என் உண்மையான சந்தேகம் அதற்கும் கீழே இருக்கிறது. 1957-இல் "பந்தய ஓட்டுநர்" செய்த வேலையும் 2023-இல் செய்த வேலையும் ஒன்றுதானா?

1957 ஆகஸ்டில் நியூர்பர்க்ரிங். ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், 22 சுற்று, மொத்தம் சுமார் 500 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். ஃபாஞ்சியோவுக்கு 46 வயது. பாதி டேங்க் எரிபொருளோடு கிளம்பி, நடுவில் நிறுத்தி நிரப்பி, புது டயர் போடுவது திட்டம். பிட்டில் தாமதமாகி, ஃபெராரிகளில் இருந்த ஹாத்தார்னுக்கும் காலின்ஸுக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்னால் வெளியே வந்தார். அதன்பின் சுற்றுக்குச் சுற்று சாதனை நேரத்தை உடைத்து, கடைசியில் 9 நிமிடம் 17.4 வினாடிக்குக் கொண்டுவந்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்த முதலிட நேரத்தைவிட இது எட்டு வினாடி குறைவு. இருவரையும் முந்தி, நான்கு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார்.

அந்தக் காரில் சீட் பெல்ட் இல்லை. தடத்தின் ஓரத்தில் வேலியும் மரமும் பள்ளமும். வழுக்கிப் போனால் திரும்பி வந்து மறுபடி முயலலாம் என்ற வசதி கிடையாது. ஆகவே அன்றைய ஓட்டுநரின் முதல் திறமை வேகம் அல்ல. எவ்வளவு வேகத்தை மிச்சம் வைக்க வேண்டும் என்ற தீர்ப்பு. தனக்கு விபத்து நேர்ந்த 1952-ஐ ஃபாஞ்சியோ களைப்பின் கணக்கில்தான் எழுதினார். பாரிஸில் விமானம் தவறி, இரவெல்லாம் காரோட்டி மோன்சாவுக்கு வந்து, நேராகப் பந்தயத்தில் உட்கார்ந்து, கழுத்து எலும்பு முறிந்து அந்த ஆண்டையே இழந்தார். அஸ்காரிக்கு அந்த அளவு அதிர்ஷ்டம்கூட இல்லை. 1955 மே மாதம் மொனாக்கோவில் காரோடு கடலில் விழுந்து பிழைத்தவர், நான்கே நாளில் மோன்சாவில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்தார். மோன்சாவில் இறங்கிக் கொடுத்த காலின்ஸ் 1958-இல் நியூர்பர்க்ரிங்கில் போனார். இறங்க மறுத்த முஸ்ஸோவும் அதே ஆண்டு, ஒரு மாதம் முன்னால்.

1966-இல் ஸ்பாவில் ஜாக்கி ஸ்டீவர்ட்டின் கார் மழையில் தூக்கி எறியப்பட்டது. எரிபொருள் உடலெல்லாம் நனைக்க, சிக்கிக் கிடந்தார். பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அதன்பின் அவர் காரில் ஒரு ஸ்பேனரை ஒட்டிவைத்துக்கொண்டே ஓட்டினார், பாதுகாப்புக்காகப் போராடவும் தொடங்கினார். 99 பந்தயத்தில் 27 வெற்றி என்ற அவர் கணக்கைவிட, இன்று ஓட்டுநர்கள் எல்லையைத் தாண்டிப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்ப முடிவது அவருடைய பெரிய சாதனை என்பேன். அவர் போராடிப் பெற்றதே ஒப்பீட்டையும் குழப்பிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் பத்து முறை தடம் விட்டு வெளியே போய் எல்லையைக் கண்டுபிடிக்கும் இன்றைய இளைஞனை, ஒரு முறைகூட வெளியே போகக் கூடாதவர்களோடு எப்படி ஒப்பிடுவது?

இதனால் இன்றைய வேலை எளிது என்று அர்த்தமில்லை. திருப்பங்களிலும் பிரேக்கிலும் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்த எடையைப்போல ஐந்து மடங்கு விசையைக் கழுத்து தாங்க வேண்டும். ஸ்டீயரிங்கில் இருபதுக்கும் மேல் பொத்தான்கள், காதில் பொறியாளர் பேச்சு, டயரின் வெப்பம், மின்கலத்தின் இருப்பு. நான்கைந்து வயதில் கோ-கார்ட்டில் ஏறி, பதினேழு வயதில் ஃபார்முலா 1-க்கு வந்த வெர்ஸ்டாப்பன் மாதிரி ஆட்கள் ஆயிரக்கணக்கானோரில் வடிகட்டப்பட்டவர்கள். ஃபாஞ்சியோ பால்கார்சே ஊரில் மெக்கானிக். 1940-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து லிமா போய்த் திரும்பும் 9,000 கிலோமீட்டருக்கும் மேலான சாலைப் பந்தயத்தில் வென்று பெயர் எடுத்தவர். நாற்பது வயதில்தான் முதல் உலகப் பட்டம். அன்று பந்தயத்தில் நின்ற பலர் சொந்தப் பணத்தில் கார் வாங்கி ஓட்டியவர்கள். வரிசையின் பின்பாதி இன்றைய பின்பாதிபோல் வலுவானது அல்ல. 1950-களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நடுவில் வந்த காலத்தின் வேலையும் வேறு. காற்றைத் திணித்து இன்ஜினின் சக்தியைக் கூட்டும் டர்போ காலத்தில் 1986-இல் ஒரு பந்தயத்துக்கு 195 லிட்டர், 1988-இல் டர்போ கார்களுக்கு 150 லிட்டர் எரிபொருள்தான் அனுமதி. ப்ராஸ்ட் அந்தக் காலத்துக்கென்றே செய்தவர்போல இருந்தார். மெதுவாகப் போவதாகத் தெரியும், கடைசியில் பார்த்தால் முன்னால் இருப்பார். ஷூமாக்கரின் காலத்தில் சோதனை ஓட்டத்துக்கு வரம்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். ஃபெராரிக்குச் சொந்தத் தடமே ஃபியோரானோவில் இருந்தது. உழைப்பை வேகமாக மாற்றத் தெரிந்தவருக்கு அது பொற்காலம். 2009-இல் அந்த வழி அடைக்கப்பட்டது. திரும்பி வந்த ஷூமாக்கர் தடுமாறியதற்கு வயது மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர் தேர்ந்திருந்த வேலையில் பாதி அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது. வேலை மாறியபோதும் மேலே நின்றவர்கள் யார் என்று பார்க்கலாம். ஃபாஞ்சியோ 1951-இல் வென்றது சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒன்றரை லிட்டர் இன்ஜினில், பின்னால் வென்றதெல்லாம் அது இல்லாத இரண்டரை லிட்டரில். லாடா 1975-இல் பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரியிலும் 1984-இல் டர்போ மெக்லாரனிலும் சாம்பியன். ப்ராஸ்ட் 1985-இல் டர்போ, 1993-இல் கணினி கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன். ஹாமில்டன் 2008-இல் வரிவெட்டு டயரும் வி8 இன்ஜினும், 2014 முதல் ஹைப்ரிட். ஒரே வகைக் காரில் நான்கு ஆண்டு தொடர்ந்து வென்றதைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கிளார்க்குக்கும் சென்னாவுக்கும் காலம் அந்த வாய்ப்பை முழுதாகத் தரவில்லை.

இவ்வளவு பேசிய பிறகும் "சரிப்பா, நீ யாரைச் சொல்லுவ?" என்று கேட்பவர்களிடம் நழுவுவது முறையல்ல. ஒரு முழு வாழ்க்கைக்கு என்றால் ஃபாஞ்சியோ, கொஞ்சம் தயக்கத்தோடு. ஒரே ஒரு பந்தயத்துக்கு, அதுவும் எந்தக் கார் கிடைக்கும் என்று தெரியாமல் ஆள் பிடிக்க வேண்டும் என்றால், கிளார்க்.

1967 மோன்சாவுக்காக. முன்னால் போய்க்கொண்டிருந்தவருக்குப் பஞ்சர். பிட்டில் டயர் மாற்றி வெளியே வந்தபோது ஒரு முழுச் சுற்று பின்னால். மோன்சா அன்று ஒருவர் நிழலில் ஒருவர் கூட்டமாகப் பறக்கும் தடம். அங்கே ஒரு சுற்றை மீட்பது நடக்கிற காரியம் அல்ல. கிளார்க் மீட்டார். முன்னால் இருந்தவர்களைத் தாண்டி இழந்த சுற்றைத் திரும்ப எடுத்தார், பிறகு மீண்டும் ஒவ்வொருவராகப் பிடித்து, சில சுற்றுகளே மிச்சம் இருக்கும்போது முதலிடத்துக்கே வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் இன்ஜினுக்கு எரிபொருள் போகவில்லை. ஜான் சர்டீஸும் ஜாக் பிரபாமும் தாண்டிப் போனார்கள். கிளார்க்கின் கார் உருண்டுகொண்டே வந்து கோட்டைத் தொட்டது. புள்ளிவிவரப் புத்தகத்தில் அந்தப் பந்தயத்துக்கு நேரே அவர் பெயருக்கு இருப்பது 3 என்ற எண் மட்டும்.